பொட்டியில வந்த சர்க்கார்

வா அம்மிணி, இப்படித் திண்ணையில உக்காரு. பொட்டி கட்டியாச்சா? நாளைக்குக் கோயமுத்தூர்ல விமானம் ஏறோணும்னா விடிகாலம் நாலு மணிக்கே எந்திரிக்கோணும். அதுக்கு முன்ன இந்த அப்பாரு ரெண்டு வார்த்தை ரோசனை சொல்லிப்போடறேன். கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி.

"பேத்தி நாட்டைக் கட்டற வேலைக்குப் போறா"ன்னு சொன்னதும் உங்காத்தா என்னைக் கேட்டா பாரு, "அதுக்கு ஏனுங்க எம்.ஏ. படிச்சா? சித்தாள் வேலை உள்ளூர்லயே கெடைக்குதே"ன்னு. அவளுக்கு வெவரம் பத்தாது. நாடு கட்டறதுக்குச் செங்கல்லு வேண்டாம், காயிதமும் காசும் போதும்னு எனக்கே போன வாரந்தான் தெரிஞ்சுது. எட்டு ராத்திரியா, ஆப்கானிஸ்தான் பத்தின அந்த அமெரிக்கத் தணிக்கைக்காரங்க அறிக்கையை நீ தமிழ்ல சொல்லிச் சொல்லிக் காட்டினயே, அதுல பாதி தலைக்கு மேல போயிருச்சு. மீதிப் பாதியை நான் முப்பது வருசமா வாய்க்கால் மேட்டுலயே பாத்துட்டேன்.

நீ போறது ஆப்கானிஸ்தானுக்கு இல்லைன்னு தெரியும். வேற ஊரு, அதே வேலை. அதனால அங்க அமெரிக்காக்காரங்க எப்படிச் செஞ்சாங்களோ, அப்படியே நீயும் செய்யி. உனக்கு ஒரு கொறையும் வராது.

மொதல் காரியம், போற ஊர் பாசையைக் கத்துக்காதே. கத்துக்கிட்டா, அவிய உன்னைப் பத்தி என்ன பேசறாங்கன்னு வெளங்கிப்போகும். அப்பறம் ராத்திரி தூக்கம் வராது. ரெண்டாவது, வருசத்துக்கு மேல ஒரே எடத்துல தங்காதே. அங்க போன ஆளுகளுக்கு ஊர்ப் பேரு வாயில நுழையறப்பவே திரும்பற சீட்டு வந்துருமாம். அடுத்து வர்றவன், "இங்க பெரிய மனுசன் யாருங்க?"ன்னு மறுக்கா மொதல்ல இருந்து கேப்பான். பெரிய மனுசனும் பொறுமையா மறுக்கா டீ ஊத்திக் குடுப்பான். இருபது வருசம் இருந்தாங்கன்னு நாம பேசிக்கறோம். ஒரே வருசத்தை இருபது தடவை இருந்துட்டு வந்தோம்னு அவிய ஆளுகளே சொல்லிச் சிரிச்சுக்கிட்டாங்களாமே.

பஞ்சாயத்து வெக்கறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அதையும் குறிச்சுக்க. 2001 டிசம்பர்ல ஜெர்மனியில பான் பட்டணத்துக்குப் பக்கத்துல, ஒரு மலை மேல இருக்கற ஓட்டல்ல கூடி, ஆப்கானிஸ்தானுக்கு அடுத்த அதிகாரி யாருன்னு பேசி முடிச்சாங்க. கர்சாய்க்குப் பட்டம் கட்டினாங்க. சண்டையில தோத்த தாலிபானுக்கு மட்டும் ஓலை போகலை. நம்மூர்ல பங்காளித் தகராறுன்னா, நெம்பப் பொல்லாதவனைத்தான் மொதல்ல கூப்புடுவோம். பாசமெல்லாம் ஒண்ணுமில்ல. கூப்புடாட்டி ராவுல வந்து படப்புக்குத் தீ வெச்சுப்போடுவான்னு தெரியும். அந்தக் கூட்டத்தை நடத்தி வெச்ச ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமியே பின்னால அது தப்புத்தான்னு ஒத்துக்கிட்டாரு. படப்பு எரிஞ்சு முடிஞ்சதுக்கு அப்பறம்.

அப்பறம் 2020 பிப்ரவரி 29, தோகாவுல ஒரு பஞ்சாயத்து. இந்தத் தடவை தாலிபானுக்கு முன்வரிசை நாற்காலி. காபூல்ல அமெரிக்காவே உக்கார வெச்ச சர்க்காருக்கு ஓலை இல்லை. மொதப் பஞ்சாயத்துல ஒரு பங்காளியைக் காணோம், கடைசிப் பஞ்சாயத்துல இன்னொரு பங்காளியைக் காணோம். ரெண்டையும் கூட்டிப் பாத்தா எல்லாரையும் கூப்பிட்ட கணக்கு வந்துருது. அதுல இன்னொரு கெட்டிக்காரத்தனம்: 5,000 கைதிகளை விடறதுன்னு கையெழுத்துப் போட்டது அமெரிக்கா, செறைச்சாலை காபூல் சர்க்காரோடது. அடுத்தவன் பட்டியில ஆட்டைப் புடிச்சுத் தானம் பண்ணற மாதிரி.

வேலையைப் பங்கு போட்ட கதையைச் சொன்னயே, அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்புல உங்காத்தா எந்திரிச்சு வந்துட்டா. பட்டாளத்தைக் கட்டறது அமெரிக்கா. போலீசு ஜெர்மனி. கோர்ட்டும் சட்டமும் இத்தாலி. அபின் ஒழிக்கறது இங்கிலாந்து. சண்டைக்காரங்க கையில இருக்கற துப்பாக்கியை வாங்கி வெக்கறது ஜப்பான். கல்யாணத்துக்கு அஞ்சு ஊரு சமையல்காரனைக் கூப்பிட்டு ஆளுக்கொரு அடுப்பு குடுத்தாக்கூட, எல்லாரும் ஒரே பந்திக்குத்தான் பரிமாறோணும்னு அவியளுக்குத் தெரியும். இங்க போலீசைப் பழக்கறவன் பாசை வேற, கோர்ட்டைப் பழக்கறவன் பாசை வேற. திருடனுக்கு மட்டும் ஊரெல்லாம் ஒரே பாசை.

அபினை ஒழிச்ச லட்சணத்தைப் பேச வேண்டாம். கசகசாக் காட்டைப் பாத்தா வெள்ளாமைக்காரனுக்குத் தெரியும், பணம் கேட்டதும் கெடைக்கற பயிரை எவனும் சும்மா சொன்னா விடமாட்டான்னு. அதை விடு. ஆட்டுக்கு வா. நான் ஆட்டுக்காரன்.

மேக்க ஹெராத்துப் பக்கம் வெள்ளாட்டு மயிர்ல காஷ்மீர் கம்பளி எடுக்கலாம், ஏவாரம் பெருகும்னு ஒரு திட்டம். ரோசனை தப்பில்லை. ஆனா அந்த ஊரு ஆட்டு மயிரு கறுப்பா இருக்குதாம், வெளுப்பா இருந்தாத்தான் வெலை. அதுக்காக இத்தாலியில இருந்து ஒம்பது கிடா, விமானத்துல. திட்டச் செலவு 60 லட்சம் டாலர். அம்மிணி, நான் சந்தையில துண்டுக்கடியில விரலைப் புடிச்சு ஆயிரம் ஆடு வாங்கியிருப்பேன். பல்லைப் பாப்போம், குளம்பைப் பாப்போம், வித்தவன் மூஞ்சியையும் பாப்போம். ஓட்டிட்டு வந்த கிடாய்க்கு நம்ம தண்ணியும் தழையும் ஒத்துக்குதான்னு ஒரு மாசம் தனியாக் கட்டிப் பாப்போம். விமானத்துல வந்த கிடாயை யாரு கட்டிப் பாத்தாங்கன்னு தெரியலை. 2016-ல தணிக்கைத் தலைவர் ஜான் சோப்கோவை செனட்டுல கேட்டப்ப, அந்த ஆடுகளைத் தின்னுட்டாங்களான்னுகூடத் தெரியலைன்னாரு. எனக்குத் தெரியும். எந்த ஊர்லயும் ஒறம்பரை வந்தா, கணக்குல இல்லாத கிடாய்தான் மொதல்ல வெட்டுப்படும்.

சோயாவும் அப்படித்தான். 3.4 கோடி டாலர்ல வடக்கே சோயா போடச் சொன்னாங்க. அதுக்கு முன்னயே இங்கிலாந்துக்காரங்க போட்டுப் பாத்து, இந்த மண்ணுக்கு இது ஆகாதுன்னு எழுதி வெச்சிருந்தாங்களாம். அவிய ரொட்டியில சோயா மாவைக் கலந்தா தின்னவங்களுக்கும் புடிக்கலை. மண்ணும் வேண்டாம்னுது, நாக்கும் வேண்டாம்னுது. மூணாவதா யாரைக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் திட்டத்தை ஓட்டினாங்க போலிருக்கு.

பட்டாளத்துச் சட்டைக்கு வந்தா இன்னும் வேடிக்கை. அந்த ஊரு மந்திரிக்குக் கம்ப்யூட்டர்ல பாத்த காட்டுப் பச்சைத் தினுசு ஒண்ணு புடிச்சுப்போச்சு. காப்புரிமைக்காரன் துணி, அதனால 2.8 கோடி டாலர் கூடச் செலவு. நாட்டுல காடு எவ்வளவுன்னு கேட்டா நூத்துக்கு ரெண்டு. மீதியெல்லாம் பொட்டக் கரடும் புழுதியும். பச்சைச் சட்டையைப் போட்டுக்கிட்டு அதுல நின்னா, சோளத்தட்டுல கிளி உக்காந்தாட்டம் ஒரு மைலுக்குத் தெரியும். சரக்கு விமானத்தை வேற 55 கோடி டாலருக்குக் கிட்ட வாங்கி, 16-ஐ பழைய இரும்புக்குப் போட்டாங்க. ராத்தல் 6 சென்ட். மொத்தம் 32,000 டாலர். ஈரோட்டுல இரும்புக்கடை வெச்சிருக்கற நம்ம ஒறமொறைக்காரன் கேட்டுப்போட்டு, "அப்பாரு, எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா கூடக் குடுத்திருப்பேனே"ன்னான்.

சம்பளப் பட்டியல்ல இருக்கற சிப்பாய் பல பேரு ஆளே இல்லையாம், பேய்ச் சிப்பாய்னு பேரு வெச்சாங்கன்னு சொன்னே. அதுக்கு மட்டும் நான் ஆச்சரியப்படலை. செத்தவங்க கையெழுத்துப் போடற பதிவேடு நமக்குப் புதுசா?

இப்பச் சித்தெ சிரிக்காமக் கேளு. எங்க வாய்க்கால்ல நீர்க்கட்டி ஒருத்தன் இருந்தான், நீ பொறக்கறதுக்கு முன்ன. முறைத்தண்ணி விடறது அவன் சோலி. அவனுக்குச் சம்பளம் கிடையாது. அறுப்பு முடிஞ்சதும் களத்துல ஆளுக்கு இத்தனை வள்ளம் நெல்லுன்னு அளப்போம். தலைமடைக்காரனுக்குச் சலுகை காட்டினான்னா, கடைமடைக்காரன் களத்துல கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். அந்தப் பயத்துலயே ராத்திரி ரெண்டு மணிக்கு லாந்தரோட வரப்புல நடப்பான். பாம்பு கடிச்சும் நடந்தான். அப்பறம் ஒரு திட்டம் வந்துச்சு. எந்தத் திட்டம்னு கேக்காதே. நீர்க்கட்டிக்கு மாசச் சம்பளம்னாங்க. நாங்களும் கை தட்டினோம். அன்னையிலிருந்து அவன் வரப்புல நடக்கறதை விட்டுட்டு, கையெழுத்துப் போட ஆபீசுக்கு நடந்தான். நல்லவன்தான். கால் ரெண்டுதானே, நெல்லு அளக்கற பக்கந்தானே போகும்.

ஆப்கானிஸ்தான்லயும் அந்த ஆளு உண்டுன்னு நீ படிச்சியே, மிராப்னு. நீர் பங்கு போடறவன். ஊர்க்காரங்களே கூடி அவனைத் தேர்ந்தெடுப்பாங்க, கோதுமையில கூலி அளப்பாங்க. பூமிக்கடியில மைல் கணக்காச் சுரங்கம் தோண்டி, மலையடிவாரத்துத் தண்ணியை வயலுக்குக் கொண்டுவர்ற காரெஸ்னு ஒண்ணு, அதையும் ஊரே கூடித் தூர் எடுக்கும். காபூல்ல யாரு ராசான்னு மாறிட்டே இருந்தாலும் அந்த முறை ஓடிட்டே இருந்திருக்குது. அந்த நாட்டுக்குச் சர்க்கார்னா என்னான்னு தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே போய் எறங்கினாங்க பாரு, அவிய மிதிச்சு நின்ன வரப்புலயே ஒரு சர்க்கார் ஓடிட்டு இருந்துச்சு.

இவிய கட்டின சர்க்காருக்கு நெல்லு அளந்தது யாரு? அந்தக் காபூல் சர்க்கார் செலவுல நாலுல மூணு பங்கு வெளியூர்க் காசுன்னு உலக வங்கி அப்பக் கணக்குச் சொல்லுச்சு. வள்ளத்தைப் புடிச்சுட்டு வாசிங்டன்ல ஒருத்தன் நிக்கறப்ப, காந்தஹார்ல இருக்கற கடைமடைக்காரன் மொகத்தை எந்த மந்திரி பாப்பான்? 2004 சாசனப்படி மாகாணத்து அதிகாரிகூடக் காபூல்ல இருந்துதான் வரோணும்னு இருந்துச்சு. அவன் ஊருக்குக் கும்பிடு போட வேண்டியதில்லை, மேல ஒருத்தருக்குப் போட்டாப் போதும். ருசியாக்காரன் வெச்ச நஜிபுல்லா கதையும் இதேதான். 1989 பிப்ரவரி 15-ல ருசியப் பட்டாளம் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போனதுக்கு அப்பறமும் அந்த ஆளு மூணு வருசம் தாக்குப் புடிச்சாரு. மாஸ்கோவுல படி அளக்கறது நின்னுது, 1992 ஏப்ரல்ல கதை முடிஞ்சுது.

இதை நான் பெருசாச் சொல்றதுக்கு ஹெல்மந்து மாகாணந்தான் காரணம். அங்க மார்ஜான்னு ஒரு ஊரு. 2010 பிப்ரவரியில பெரிய சண்டை போட்டு அதைப் புடிச்சாங்க. அமெரிக்கத் தளபதி மெக்கிரிஸ்டல், "பொட்டியில சர்க்கார் தயாரா இருக்கு, உருட்டிட்டுப் போக வேண்டியதுதான்"னு சொன்னாராம். உருட்டிட்டு வந்தாங்க. பொட்டியைத் தொறந்தா, ஜெர்மனியில பல வருசம் இருந்துட்டு வந்த ஒருத்தரு அதிகாரியா எறங்கறாரு. ஊருக்குள்ள பொழுது சாஞ்சா தாலிபான். மே மாசம் அதே தளபதி, ரத்தம் வடியற புண்ணா இருக்குதுன்னாரு.

இதுல என்ன வேடிக்கைன்னா, மார்ஜாவைப் புடிக்கப் போன அமெரிக்கச் சிப்பாய்க தாண்ட முடியாமத் தவிச்ச வாய்க்கால்க இருக்கே, அது வெட்டினதே அமெரிக்கக் காசுலதான். 1946-ல ஒரு அமெரிக்கக் கம்பெனி போய் ஹெல்மந்து ஆத்துல வேலையை ஆரம்பிச்சுது. கஜாக்கி அணை 1953-ல முடிஞ்சுது. அங்க லஷ்கர்கான்னு ஒரு பட்டணம், அதுக்குச் சின்ன அமெரிக்கான்னே பேரு. பாலைவனத்தைப் பச்சையாக்கறோம்னு மார்ஜாவுல ஆளுகளைக் குடியேத்தினாங்க. மண்ணுக்கடியில கல்லாட்டம் இறுகின படுகை. தண்ணி விட்டாங்க, வடியலை. உவர் பூத்துருச்சு. தண்ணி கொண்டாறது யாருக்கும் வரும் கண்ணு, வடிய விடறதுதான் வித்தை. அந்த உவர்மண்ணுலயும் வளந்து பணம் குடுத்த பயிரு கசகசா. தாத்தன் வெட்டின வாய்க்கால்ல பேரன் துப்பாக்கியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நீந்தறான். வாய்க்கால் யாரு வெட்டினதுன்னு அந்தப் பேரனுக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்களா?

கோர்ட்டு விசயம் சொல்றேன். காபூல்ல அந்தச் சர்க்கார் இருந்தப்ப, அங்க உன்ற காணியில ஒருத்தன் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டுட்டான்னு வெச்சுக்க. சர்க்கார் கோர்ட்டுக்குப் போனா வருசக்கணக்கு ஆகும், வழி நெடுகக் கை நனைக்கோணும். தாலிபானோட நீதிபதி, காஜி, மோட்டார்சைக்கிள்ல வருவான், மரத்தடியில உக்காருவான், ரெண்டு பக்கமும் கேப்பான், அன்னைக்கே தீர்ப்பு. அவன் நல்லவன்னு சொல்ல வரலை. மீறினவனுக்கு என்ன நடக்கும்னும் அந்த ஊருக்குத் தெரியும். ஆனா வரப்புத் தகராறுக்காரனுக்கு எந்தப் பக்கம் காலு போகும்னு யாராச்சும் ஒரு கிழவனைக் கேட்டிருந்தா, 14,500 கோடி டாலர் செலவு பண்ணாமயே பதில் கெடைச்சிருக்கும். அது மறுகட்டமைப்புக்கு மட்டும். சண்டைச் செலவு தனியா 83,700 கோடி. எனக்கு இந்த எண்ணுக்கு எத்தனை சைபர்னு தெரியாது. செத்த ஆப்கான் சிப்பாய் போலீசு மட்டும் 66,000-த்துக்கு மேலன்னு சொன்னயே, அது மட்டும் மனசுல நிக்குது. நம்ம தாலூகாவுல எத்தனை ஊரைக் காலி பண்ணினா அந்தக் கணக்கு வரும்னு ரெண்டு நாளா எண்ணிட்டு இருந்தேன்.

இதெல்லாம் புதுசுன்னு நெனைக்காதே. 1839-ல கும்பினிக்காரன், லூதியானாவுல பென்சன் வாங்கிட்டு இருந்த ஷா ஷூஜாவைத் தூக்கிட்டுப் போய்க் காபூல்ல உக்கார வெச்சான். 1842 சனவரியில பனியில திரும்பி ஓடக் கெளம்பினவங்க 16,000 பேருக்கு மேல. பிரைடன்னு ஒரு வெள்ளக்கார டாக்டர் குதிரையில ஜலாலாபாத் போய்ச் சேந்ததைப் படமா வரைஞ்சு வெச்சிருக்காங்க. கூடப் போன சிப்பாய்களும் கூலிக்காரங்களும் பெரும்பாலும் நம்ம நாட்டுக்காரங்க. அவியளுக்கு ஏது படம்? ஷூஜாவுக்காக எறக்கிவிட்ட ராசா தோஸ்த் முகமதுவையே 1843-ல மறுக்காப் போய் உக்காந்துக்கச் சொல்லி விட்டுட்டாங்க.

அமெரிக்கா கட்டின சர்க்கார்ல கடைசியா உக்காந்தவரு அஷ்ரப் கனி. உலக வங்கியில வேலை பாத்தவரு. ஒடைஞ்சுபோன நாடுகளைச் சரி பண்ணறது எப்படின்னு 2008-ல கூட்டாச் சேந்து புஸ்தகமே போட்டவரு. வைத்தியருக்கே காய்ச்சல் வந்தா என்ன பண்ணறது? 2021 சூலையில பக்ராம் படைத்தளத்தை அமெரிக்கர்க ராவோட ராவா காலி பண்ணினப்ப, அங்க பொறுப்புல இருந்த ஆப்கான் அதிகாரிக்கே விசயம் பின்னாலதான் தெரிஞ்சுதாம். வாடகை பாக்கிக்காரனாட்டம் வெளக்கை அணைச்சுட்டுக் கெளம்பிட்டாங்க. ஆகஸ்ட் 6-ல மொத மாகாணத் தலைநகரம் விழுந்துச்சு, 15-ல காபூல். பல எடத்துல சண்டையே இல்லை. ஊர்ப் பெரியவங்க நடுவுல நின்னு பேசி, சிப்பாய்க துப்பாக்கியை வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. இருபது வருசம் எந்த ஆலோசகனும் உக்காராத திண்ணைல உக்காந்து நடந்த பேச்சு அது. கனி ஹெலிகாப்டர் ஏறிட்டாரு. புஸ்தகத்தை எடுத்துட்டுப் போனாரான்னு தெரியலை.

என்ன, மூஞ்சி சுருங்குது? ஒண்ணை மட்டும் நான் கேலி பண்ண மாட்டேன். அந்த இருபது வருசத்துல லட்சக்கணக்குல பொட்டப்புள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சுக. இப்ப ஆறாவதுக்கு மேல படிக்கக் கூடாது, 2022 டிசம்பர்ல இருந்து காலேசும் கிடையாதுன்னு அடைச்சுட்டாங்க. நீ அதைப் படிச்ச ராத்திரி நான் வெத்தலையைக் கூடப் போடலை. உன்ற அப்பன் உன்னைக் காலேசுக்கு அனுப்பறதுக்கு யோசிச்சப்ப, நாந்தானே கிடாயை வித்து ஃபீசு கட்டினேன்? அந்தப் புள்ளைகளுக்கு ஒரு அப்பாரு இல்லாமயா இருப்பான்? இருப்பான். அவன் பேச்சு இன்னைக்கு எடுபடாது.

அப்ப நான் போகவா வேண்டாமான்னு கேக்கறே. போ சாமி. சம்பளம் நல்லாத்தானே இருக்கு? குளுருக்கு ஸ்வெட்டர் எடுத்து வெச்சுட்டயா? உங்காத்தா பருப்புப் பொடி வெச்சிருக்கா, விமானத்துல விடுவாங்கன்னா எடுத்துக்க. போய் எறங்கினதும் ஒரே ஒரு காரியம் பண்ணு. அந்த ஊர்ல தண்ணி பங்கு போடறவன் பேரு என்னன்னு கேட்டு எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பு. உன்ற ஆபீசுல எத்தனை பேர்கிட்டக் கேட்டு, எத்தனாவது நாளு பேரு கெடைச்சுதுன்னும் சேத்து எழுது. அப்படியே அவனுக்குக் கூலி யாரு அளக்கறாங்கன்னும் கேளு. சரி, போய்ப் படு. நாலு மணிக்கு நானே எழுப்பறேன்.